கிளெமுக்குத் தோதான ஸ்பிரிங்

முண்டரூ மாட்டுப் பண்ணை,
தென் ஆஸ்திரேலியா.
9 மார்ச் 1987

ஹார்டிகன் ஸ்பிரிங் பட்டறை,
போர்ட் அடிலெய்டு.

ஐயா,

நான் வாடிக்கையாளராக எழுதுகிறேன். பட்டறையின் சொந்தக்காரர் என் தம்பி என்பதும், நாங்கள் இருவரும் போன செப்டம்பரிலிருந்து பேசிக்கொள்வதில்லை என்பதும் இந்த விஷயத்துக்குத் தேவையில்லாதவை. வேறு நல்ல ஸ்பிரிங் பட்டறை தெரிந்திருந்தால் அங்கே எழுதியிருப்பேன்.

எங்களிடம் இருப்பது நீள உடம்பு கொண்ட நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் போன்ற வண்டி. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ஓடைக் கற்களில் அடி தட்டுகிறது என்று சில வருஷத்துக்கு முன் என் கணவர் அதை நாலு அங்குலம் உயர்த்தச் செய்தார். உயர்ந்தது. அதற்குப் பிறகு அடி தட்டவில்லை. அப்போது எங்களுக்கு எலும்பெல்லாம் சரியாக இருந்ததால் வண்டி எப்படிக் குதிக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அந்த வண்டியில், முதுகெலும்பு உடைந்து கூடிய அவரே பயணம் செய்ய வேண்டும். பின்பக்கம் மெத்தை போட்டுப் படுக்க வைக்கிறேன். வீட்டிலிருந்து முதல் கேட்டுக்குப் போய்த் திரும்பினால் அவர் இரண்டு நாள் எழுந்திருப்பதில்லை. எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் போட்டால் இது குறையும் என்று தெரிவிக்கவும்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். ரேடியோவில் கூப்பிட வேண்டாம். இங்கே போன் கிடையாது, பண்ணைகளெல்லாம் சேர்ந்து பேசுகிற ரேடியோதான்; அதில் பேசினால் சுற்றிலும் உள்ள எல்லாப் பண்ணையும் டீயோடு உட்கார்ந்து கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
திருமதி மொய்ரா ட்ரெகில்கஸ்


போர்ட் அடிலெய்டு
19 மார்ச் 1987

மதிப்புக்குரிய திருமதி ட்ரெகில்கஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாடிக்கையாளர்களின் குடும்பச் சண்டையில் எங்கள் பட்டறை தலையிடுவதில்லை.

இப்படியே இரண்டு பக்கம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், அக்கா. முடியவில்லை. "ஐயா" என்று நீ எழுதியதைப் பட்டறையில் எல்லாரும் படித்துவிட்டார்கள். காலையிலிருந்து ஒருத்தன் விடாமல் என்னை ஐயா என்கிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதை நான் மறக்கவில்லை. பண்ணையை விற்றுவிடு, இங்கேயே இரு, அங்கே கொண்டுபோனால் அவரைச் சாகடித்துவிடுவாய் என்றேன். சத்தமாகச் சொன்னேன். நீ பண்ணைகளுக்கு வந்துபோகிற டாக்டர் விமானத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். அதே கருத்துதான் எனக்கு இன்றும். அந்த மாதிரி பாதையில் உடைந்த முதுகுக்குத் தோதான ஸ்பிரிங் என்று ஒன்று கிடையாது. ஸ்பிரிங்கை மாற்றுவதைவிட வீட்டை மாற்றுவது சுலபம்.

சரி, சொல்லிவிட்டேன். இனி வேலைக்கு வருகிறேன். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலில், தையல் நூலை எடுத்துக்கொள். முன்னும் பின்னும் அச்சிலிருந்து மேலே சட்டம்வரை ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கட்டு. வண்டி சும்மா நிற்கும்போது நூல் இரண்டு விரல் அளவு தொய்வாக இருக்கட்டும். அடுத்து, அச்சு மேலே வந்து முட்டுகிற ரப்பர் கட்டை இருக்கிறதல்லவா, அதன்மேல் பிசைந்த ரொட்டி மாவை அப்பி வை. முதல் கேட்டுவரை மெதுவாக ஓட்டு. நூல் அறுந்ததா, மாவு நசுங்கியதா என்று பார்த்து எழுது. கிளெமை ஏற்றாதே.

அடுத்ததாக, வண்டியில் வழக்கமாக என்ன பாரம் ஏற்றுவாய்? உள்ளபடி எழுது.

அந்த நாலு அங்குலத்தைக் கழற்றி எறிந்தாலே பாதி வலி போய்விடும் என்பது என் எண்ணம். அவரிடம் கேட்டுப் பார்.

ராஸ்


முண்டரூ
2 ஏப்ரல் 1987

ராஸ்,

வீட்டை மாற்றுவது பற்றி இன்னொரு முறை எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

நூல் நாலும் அறுந்தது. முதல் பள்ளத்திலேயே பின்னால் இரண்டும் போயின. மாவு வைத்தது வைத்தபடியே இருந்தது. வீட்டுக்கு வந்து அதை நாய்க்குப் போட்டேன்.

கிளெம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டிக்கு நூல் கட்டுகிறவளை எங்கும் பார்த்ததில்லை என்றான். உயரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "வண்டிய எறக்கிட்டா வீட்டச் சுத்தி வர்றதுக்கு மட்டுந்தான் ஆகும். அதுக்கு இந்தச் சக்கர நாற்காலி போதும்" என்றான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வடக்கே போக வேண்டுமானால் இரண்டு ஓடைகளைத் தாண்ட வேண்டும். இரண்டிலும் படிக்கட்டு மாதிரி பாறை. தாழ்ந்த வண்டி வயிற்றை மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அவனைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இடது கால் வரவே இல்லை. வலது கால் பரவாயில்லை. கட்டைகளை ஊன்றிக் குளியலறைவரை போகிறான். அது பெரிய விஷயமில்லை. ஒரு இடத்தில் இருக்கத்தான் அவனால் முடியவில்லை. காலையில் கிழக்கு ஜன்னல், மத்தியானம் தெற்கு, சாயங்காலம் மேற்கு என்று நாற்காலியை உருட்டிக்கொண்டே இருக்கிறான். கட்டிலை இந்த மாதம் மூன்று இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டான். தூரத்தில் புழுதி எழுந்தால் யார், எங்கே, எத்தனை மாடு என்று கேள்வி. ஒரு ஆளிடமிருந்தும் சரியான பதில் வராது. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறான். அவன் உருட்டுகிற சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்வதில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன்.

பாரம்: நான், அவன், மெத்தை, ஒரு நாளைக்குத் தண்ணீர். அவ்வளவுதான்.

மொய்ரா


போர்ட் அடிலெய்டு
12 ஏப்ரல் 1987

அக்காவுக்கு,

உன் நூல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான் நினைத்தது பாதி தப்பு.

உயர்த்தியதில் கோளாறு இல்லை, உயர்த்திய விதத்தில்தான் கோளாறு. வண்டியை உயர்த்தியவர்கள் தடித்த பட்டைகளை அடுக்கி, விறைப்பாலேயே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உயரம் பட்டையின் வளைவிலிருந்து வர வேண்டும், விறைப்பிலிருந்து வரக் கூடாது. இது ஒன்று. இதைவிட மோசமானது, ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். வண்டி மேலே போய்விட்டது, ஷாக் குட்டையாகவே நிற்கிறது. சும்மா நிற்கும்போதே அது முக்கால்வாசி நீண்டுதான் கிடக்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மிச்சமும் நீண்டு, சங்கிலி இழுத்த நாய் மாதிரி டக்கென்று நிற்கிறது. கீழேயிருந்து வருகிற அடியை மெத்தை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இந்த இழுப்பை எதுவும் வாங்காது. ஆளை அப்படியே தரையைப் பார்த்துப் பறிக்கும். மாவு நசுங்காமல் நூல் அறுந்ததற்குக் காரணம் இதுதான்.

அதனால் நான் செய்கிறது இதுதான். மெல்லிய பட்டைகள், எண்ணிக்கையில் அதிகம். நுனிகளைச் சீவி, இடையில் கிரீஸ் தடவி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி. வளைவு அதிகம். உயரம் அப்படியே இருக்கும், ஆனால் சின்னச் சின்னக் கல்லுக்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. ஷாக் நீளமானது. அமுங்கும்போது இளக்கமாகவும், திரும்ப நீளும்போது பிடித்து மெதுவாக விடுகிறதாகவும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நாலு விதம் வாங்கிவந்து ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றை இழுத்தால் உறைந்த தேனுக்குள் கரண்டியை விட்ட மாதிரி இருந்தது. அதுதான் உனக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்பிரிங் நீ எழுதிய பாரத்துக்காகச் செய்தது. இளக்கமானது. அதன் தலையில் இன்னும் ஏற்றினால் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் ரப்பர் கட்டையில் முட்டும். முட்டினால் பழையதைவிட மோசம்.

தபால் லாரியில் அனுப்புகிறேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ராஸ்


முண்டரூ
10 மே 1987

ராஸ்,

ஸ்பிரிங் வந்தது. மாட்டினோம். மாட்டியது நானும் நம் ஆள் எர்னியும். ஆனால் கொட்டகைக்குள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேலை வாங்கியது கிளெம். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியவில்லையாம், எர்னிக்கு இடது வலது தெரியவில்லையாம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் தொண்டை கட்டும்வரை கத்தினான். அன்றைக்குச் சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை.

முதல் தடவை முதல் கேட்டுக்குப் போனோம். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. பயந்து வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். "எதுக்கு நின்ன? போ" என்றான். இரண்டாவது கேட்டுக்குப் போனோம். "போ" என்றான். முதல் ஓடையின் கரைவரை போய்த் திரும்பினோம். அன்று சாயங்காலம் அவன் கட்டைகளை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கு வந்து எனக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தான். உனக்கு அன்றே எழுதியிருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை ஓடையைத் தாண்டினோம். இறங்கும்போதே பின்பக்கம் கீழே முட்டியது. பாறைப் படியில் ஏறும்போது இன்னும் பலமாக. மூன்றாவது முட்டில் கிளெம் கத்தவில்லை. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். டாக்டர் ரேடியோவில் மாத்திரை சொன்னார். இன்றுவரை அவன் கட்டிலில்தான் கிடக்கிறான். என்னோடு பேசுவதில்லை.

பின்னால் என்ன ஏற்றியிருந்தாய் என்று நீ கேட்பாய். இரண்டு பீப்பாய் டீசல். தண்ணீர்த் தொட்டி. கூடார மூட்டை. உனக்கு எழுதிய பாரம் முதல் கேட்டுக்குப் போகிற பாரம். அவன் போக நினைப்பது முதல் கேட்டுக்கு இல்லை. ஆகஸ்டில் வடக்கே ஆக்டன் கிணற்றில் மேயப் போன மாடுகளை வளைத்துச் சேர்க்கும் முகாம் போடுகிறோம். அங்கே இருக்க வேண்டும் என்கிறான். வாரக்கணக்கில். இதை எழுதினால் நீ ஸ்பிரிங் அனுப்பமாட்டாய், வராந்தாவில் சொன்னதைத்தான் திரும்ப எழுதி அனுப்புவாய் என்று நினைத்தேன்.

ஏன் அவன் போயே ஆக வேண்டும் என்கிறேன் தெரியுமா? மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள், அடிபட்ட மாட்டைச் சுடுகிற துப்பாக்கியைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வை என்றான். காக்கை தொல்லையாம். எந்தக் காக்கை? நான் அதைச் சுவர்க் கொக்கியிலேயே மாட்டிவிட்டு, குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி மாவு டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் கம்பி. அதற்கு அடுத்த வாரம்தான் உனக்கு "ஐயா" என்று எழுதினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ரேடியோவில் சொல்கிற விஷயமா இது?

மொய்ரா


போர்ட் அடிலெய்டு
18 மே 1987

அக்கா,

பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறேன். அடுத்த தபால் லாரியில் ஏறுகிறேன். பட்டைகளும் அளவுகோலும் என்னோடு வரும். வண்டியில் கையை வைக்காதே. முகாமுக்குக் கொண்டுபோகிற எல்லாவற்றையும், உப்பு டப்பாவரை, கொட்டகையில் எடுத்து வை. எடை போட வேண்டும்.

மாவு டின்னை நீ தவிர வேறு யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்.

ராஸ்


போர்ட் அடிலெய்டு
22 ஜூன் 1987

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். விலா எலும்பு இன்னும் வலிக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், மாடு முட்டியதா என்று கேட்டார். அக்கா ஓட்டினாள் என்றேன்.

அங்கே இருந்த மட்டும் நாம் ஸ்பிரிங்கைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அது நல்லதுதான். ஆனால் வண்டியின் பின்னால், கிளெமின் மெத்தையில், அதே பாரத்தோடு நான் படுத்துக்கொண்டு வந்தேனே, அப்போது என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. நீ முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தாய்.

நான் ஸ்பிரிங் செய்கிறவன். இத்தனை வருஷமும் வண்டியை நின்றுகொண்டும் குனிந்துகொண்டும்தான் பார்த்திருக்கிறேன். படுத்துக்கொண்டு பார்த்ததில்லை. படுத்தால் பாதை தெரியாது. தெரிந்தால் உடம்பு தயாராகிக்கொள்ளும், பல்லைக் கடிக்கும், கையை ஊன்றும். அங்கே கூரைத் தகரம்தான் தெரிகிறது. அடி எப்போது வரும் என்றே தெரியாது. முதல் ஓடைக்கு முன்னாலேயே எனக்கு நிறுத்து என்று கத்தத் தோன்றியது. வெட்கப்பட்டுக் கத்தவில்லை. எனக்கு எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது. அவர் அந்த ஓடையைத் தாண்டிவிட்டு, திரும்பவும் போக வேண்டும் என்கிறார்.

அன்று சாயங்காலம் நீ கோழிகளை அடைக்கப் போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். உடனே சொன்னார், "படுத்துக்கிட்டுப் போறதுதான்டா கஷ்டம். என்னப் பொணமாத்தான் ஏத்துறா. வலிக்கிறது அப்புறம்."

அதற்குப் பிறகுதான் உயரத்தைப் பற்றி அவரோடு பேசினேன். நீ கேட்டபோது மறுத்தவர் என்னோடு அரை அங்குலம் அரை அங்குலமாகப் பேரம் பேசினார். ஓடையில் எந்தக் கல் எவ்வளவு உயரம் என்று படுத்த இடத்திலிருந்தே சொன்னார். மறுநாள் போய் அளந்து பார்த்தேன், அவர் சொன்னதுதான். இரண்டரை அங்குலத்தில் முடித்தோம். நீ பார்த்ததுதான்: அடியில் நான் வைத்திருக்கிற இரண்டு தட்டைப் பட்டைகள் பாரம் இல்லாதபோது சும்மா தொங்கும். பாரம் ஏறி மேல் கட்டு அமுங்கினால்தான் தோள் கொடுக்கும். எனவே முதல் கேட்டுக்குப் போகும்போது இளக்கம், ஆக்டன் கிணற்றுக்குப் போகும்போது தாங்கும். ஷாக் இரண்டுக்கும் நடுவில். எனக்கு முழுத் திருப்தி இல்லை. இதைவிட இளக்கமாகப் போனால் பாரம் தாங்காது, விறைத்தால் அவர் தாங்கமாட்டார். இடையில் இருக்கிற இடம் ரொம்பச் சின்னது. அதில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

கிளெம் பெயருக்கு ஒரு சின்னப் பார்சல் தனியாக வரும். ஆம்பிளைகள் விஷயம். பிரிக்காதே.

ராஸ்


முண்டரூ
15 ஜூலை 1987

ராஸ்,

ஆம்பிளைகள் விஷயமா?

உன் பார்சல் வந்தது. நான் பிரிக்கவில்லை, நீ சொன்னாய் என்று. கிளெமும் எர்னியும் இரண்டு நாள் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்தார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அவன் ஏதோ வேலையில் இருக்கிறான் என்று. திங்கட்கிழமை, தண்ணீர் இறைக்கும் காற்றாலையில் தண்ணீர் வரவில்லை என்று நான் பழைய சின்ன வண்டியில் போயிருந்தேன். திரும்பி வந்தால் கொட்டகை காலி. நாற்காலி வாசலில் நிற்கிறது. வண்டி இல்லை. ஆள் இல்லை.

எர்னி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், கிளட்சைக் கையால் அமுக்குகிற மாதிரி நீ ஒரு நெம்புகோல் செய்து அனுப்பினாயாம். இடது காலுக்கு வேலையே இல்லையாம். ஸ்டியரிங் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குக் கட்டுகிற ஆஸ்பத்திரிப் பட்டை தாங்குகிறதாம். "உங்ககிட்ட சொல்லாதேன்னுதான் சொன்னாரு" என்றான்.

எங்கே போனான் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

வீட்டுக்குள் ஓடினேன். கொக்கியில் துப்பாக்கி இல்லை. மாவு டின்னைக் கவிழ்த்தேன். தரையெல்லாம் மாவு. போல்ட் இல்லை. எத்தனை நாளாக அவனுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. எர்னியை டிராக்டரில் ஒரு பக்கம் அனுப்பினேன். நான் ஒரு பக்கம் ஓட்டினேன். முதல் ஓடையின் மணலில் தடம் தெரிந்தது, வடக்கே போயிருந்தது. பாறைப் படியில் என் வண்டி ஏறவில்லை. வயிற்றில் மாட்டிக்கொண்டு நின்றது. இறங்கி அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து கத்தினேன். முதலில் அவனைத் திட்டினேன். பிறகு உன்னைத் திட்டினேன். உன்னைத்தான் அதிகம்.

எர்னி வந்து வண்டியை இழுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதில் டாக்டர் பேசுகிற நேரம் முடிந்தது. பண்ணைகளின் அரட்டை நேரம் தொடங்கியது. யார் வீட்டிலோ குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே புகுந்து கேட்கலாம் என்று கையை எடுத்தேன். கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்போது, பெரிய வண்டியில் இருக்கிற ரேடியோவிலிருந்து, அவன் குரல் வந்தது.

"மொய்ரா, கேக்குதா? ஆக்டன் கெணத்துல இருக்கேன். ஒரு பசு சேத்துல மாட்டி முதுகு போயிருச்சு. என்னால தூக்க முடியல. அதை நோகாம ஒரே குண்டுல அனுப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். ஊர் முழுக்க மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னான்: "கன்னுக்குட்டி பக்கத்துலயே நிக்குது. அதுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணணும். காலையில வர்றேன். வண்டி நல்லா ஓடுது, ராஸ்கிட்ட சொல்லு."

"சரி" என்றேன். பல் முளைத்த வீட்டுக்காரி மட்டும், "கன்னுக்குட்டிக்குப் பால் பவுடர் என்கிட்ட இருக்கு, மொய்ரா" என்றாள்.

அவன் வந்துவிட்டான். கன்றுக்குட்டி அவன் மெத்தையில் படுத்துக்கொண்டு வந்தது. நேற்று முழுக்க அவனுக்கு வலி, கட்டிலில் கிடந்தான். ஆனால் ஜன்னல் ஜன்னலாக உருட்டவில்லை. தூங்கினான்.

துப்பாக்கி கொக்கியில்தான் இருக்கிறது. போல்ட்டோடு. நான் எடுக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. இனிமேல் என்னைக் கேட்காமல் ஒரு திருகாணிகூட அனுப்பக் கூடாது.

மொய்ரா


போர்ட் அடிலெய்டு
27 ஜூலை 1987

அக்கா,

திட்டியது சரி. ஆனால் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். கையால் கிளட்ச் பிடிக்க முடியுமா என்று. "அக்காவிடம் அனுமதி வாங்கி வாருங்கள்" என்று ஒரு வயதான மனுஷனிடம் நான் எப்படிச் சொல்வேன்? நீயே சொல்.

போல்ட் இருக்கிற இடம் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நெம்புகோலை அனுப்பியிருப்பேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அனுப்பியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அப்படி அனுப்பாமல் இருந்தால் அவர் அங்கேயே கிடந்திருப்பார். எதைச் சரி என்பது? பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு இடது பக்க ஸ்பிரிங்கையே இரண்டு செய்து அனுப்பிவிட்டேன்.

வராந்தாவில் சொன்னதை நான் இனிச் சொல்லமாட்டேன். அந்தப் பாறையைப் படுத்துக்கொண்டு தாண்டியவன் நான்.

உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லையே, ஏன்?

ராஸ்


குவார்ன்
20 செப்டம்பர் 1987

அன்புள்ள ராஸ்,

வழியில் குவார்ன் ஊரிலிருந்து எழுதுகிறேன், முண்டரூவிலிருந்து இல்லை. இங்கே என்னோடு படித்தவள் வீட்டில் ஒரு வாரம் இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

முகாம் நன்றாக நடக்கிறது. கிளெம் வண்டியை மேட்டில் நிறுத்திக்கொண்டு, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எல்லாரையும் விரட்டுகிறான். ஒரு நாள் நிமிர்ந்து உட்கார்ந்தால் மறுநாள் மெத்தையில் கிடக்கிறான். மெத்தையில் கிடந்தாலும் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துகிறான். வலி போகவில்லை. போகப் போவதும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் ஸ்பிரிங் ஒன்றும் அற்புதம் செய்யவில்லை. அவன் போகிற இடத்துக்கு அவனைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

நானும் முகாமுக்குப் போனேன். சமைக்கலாம் என்று. அங்கே எர்னியின் மனைவி ஏற்கனவே சமைக்கிறாள், என்னைவிட நன்றாக. கிளெமுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன். அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். தலையணையைச் சரிசெய்தேன். அவன் அதைத் திரும்பப் பழைய இடத்துக்கே மாற்றினான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நூல் கட்டிப் பார்த்தேன், சிரிக்காதே. நாலும் அறுந்துவிடாமல் இருந்தன. வீட்டுக்குத் திரும்பினேன். அங்கே சுத்தம் செய்ய ஒன்றும் பாக்கி இல்லை. நாற்காலியை நானே கிழக்கு ஜன்னலுக்கு உருட்டிக்கொண்டு போய், அதில் உட்கார்ந்து, வடக்கே புழுதி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தெற்கு ஜன்னலுக்கு உருட்டினேன். அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

போன வாரம் கிளெம் சாமான் எடுக்க வீட்டுக்கு வந்தான். வண்டியை விட்டு இறங்காமல் என்னையே பார்த்தான். "நீ எங்கயாவது போயேன்" என்றான்.

எங்கே போவது, உன்னை யார் பார்ப்பது என்றேன்.

"என்னப் பாக்காம கொஞ்ச நாள் இரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கையை நீட்டி என் தோளில் வைத்தான். வண்டி உயரம் என்பதால் கை சரியாகத் தோளுக்கு வந்தது. "ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல ஒன்றரை வருஷமா கெடந்தோம். நான் எழுந்திட்டேன். நீ இன்னும் எழுந்திரிக்கல."

அவன் போன பிறகு ஒரு பெட்டியில் துணியை அடுக்கினேன். கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்க எர்னியின் மகளிடம் சொன்னேன். பழைய சின்ன வண்டியை எடுத்தேன். முதல் கேட்டைத் திறந்து, வண்டியை வெளியே விட்டு, கேட்டைச் சாத்தினேன். பிறகு கிளப்ப முடியவில்லை. கண்ணாடியில் வீட்டைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் மெத்தை இல்லை. பள்ளம் வந்தால் யாருக்காகவும் நான் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் கிளப்பி, பெரிய சாலை வரும்வரை கண்மண் தெரியாமல் ஓட்டினேன். தலை கூரையில் இடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடு. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாலும் விட்டுவிடு. கிளெம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் ஊரில் ஐந்து மாதம் இருந்தேன், ஒரு நாள்கூடக் கடலைப் பார்க்கவில்லை. உன் பட்டறையிலிருந்து அது எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டு. போதும், நான் நடந்தே போய்க்கொள்வேன்.

மொய்ரா